பள்ளிக்கூட மொழி வீட்டுக்குள் வந்த வழி: சிங்கப்பூரின் முதல் தலைமுறை மாணவர்கள்

1966 ஆகஸ்ட் 24 அன்று, சிங்கப்பூரின் 529 பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாணவர்கள் நாட்டின் உறுதிமொழியை முதன்முதலாகச் சொன்னார்கள். அதை வரைந்தவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். மலேசியாவிலிருந்து பிரிந்து ஓராண்டே ஆகியிருந்த அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது இருபது இலட்சத்தைத் தொடவில்லை. நான்கில் ஒருவர் பள்ளிப்பிள்ளை என்ற அளவு அது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது நாட்டின் மொழி என்ன ஆனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்த அறுபதுகளில்தான் பள்ளிகளில் இரண்டாம் மொழி படிப்படியாகக் கட்டாயமானது. பிழைப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஆங்கிலம், பண்பாட்டுக்குத் தாய்மொழி என்று அரசு பங்கு பிரித்தது. ஆனால் வீடுகளில் ஒலித்தவை வேறு. பெரும்பாலான சீனப் பிள்ளைகள் ஹொக்கியன், தியோசூ, கண்டனீஸ் பேசிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் 'தாய்மொழி' என்று கற்பிக்கப்பட்ட மாண்டரினும் பள்ளியில்தான் அறிமுகமானது. அறியாத இரு மொழிகளை ஒரே நேரத்தில் சுமந்த அப்பிள்ளைகள் பட்ட பாட்டை எந்தப் புள்ளிவிவரமும் முழுதாகச் சொல்லிவிடாது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் அளித்த அறிக்கை ஓரளவு காட்டுகிறது: இரு மொழிகளிலும் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை. மாணவரைத் திறனுக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை அதன்பின் வந்தது.

இதற்கிடையே பெற்றோர் முடிவெடுத்துவிட்டிருந்தனர். 1959இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தோரில் 45.9 விழுக்காட்டினர் சீனவழிப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். 1978இல் அது 11.2 விழுக்காடு. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் பள்ளி, தமிழ்வழி உயர்நிலைக் கல்வியின் கடைசிப் புகலிடமாக நின்று, 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியானது.

இந்த வரலாற்றை அரசாணைகளின் வரிசையாகச் சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு அது போதவில்லை. வேலைக்கென்று தரப்பட்ட ஆங்கிலத்தை அடுக்களைவரை கொண்டுவரும்படி எந்த ஆணையும் சொல்லவில்லை. அதைச் செய்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. அண்ணன் தம்பிகள் வகுப்பு மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். அலுவலகக் கடிதத்தைப் பெற்றோருக்குப் படித்துச் சொன்னார்கள். பின் தாங்களே பெற்றோரானபோது குழந்தையிடம் முதலில் வாய்க்கு வந்தது ஆங்கிலம். வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுவோர் 2000இல் 23 விழுக்காடு, 2010இல் 32.3, 2020இல் 48.3. இரண்டாம் மொழியை வற்புறுத்திய திட்டத்துக்குள் வளர்ந்தவர்களே அந்தத் திட்டம் நம்பியிருந்த வீட்டு மொழியை மாற்றிவிட்டார்கள்.

தமிழுக்கு இதில் இழப்பு கனமானது. 2020 கணக்கெடுப்பின்படி இந்தியரில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் பெரிதும் ஆங்கிலமே பேசுகிறார்கள். ஆட்சிமொழி என்ற தகுதி, நாணயத்தாளில் எழுத்து, வானொலி, பள்ளிப் பாடம் எல்லாம் தமிழுக்கு அங்கே இருக்கின்றன. தமிழாசிரியர்கள் அயராது உழைக்கிறார்கள். ஆயினும் பாட்டியிடம் கேட்டு வகுப்புக்கு வந்த தமிழை, இன்றைய பிள்ளை வகுப்பில் கற்றுத்தான் பாட்டியிடம் எடுத்துப் போகவேண்டியிருக்கிறது.