தந்திக் கம்பியும் வாட்ஸப்பும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் புதியம்புத்தூர். ரெடிமேட் துணி தைக்கிற ஊர் என்பதால் 'குட்டித் திருப்பூர்' என்பார்கள். பக்கத்து ஒட்டப்பிடாரத்தில்தான் வ.உ.சி. பிறந்தார். அதனால் எங்களுக்கு வரலாறு வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும்.

"இணையம் வந்ததும் அதிகாரம் மக்கள் கைக்கு வந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? எங்கள் பக்கத்தில் 110 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு துப்பாக்கிச் சூடுகளை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது 1908. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச் 12-ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். அந்த நால்வரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று தந்திக் கம்பி அரசாங்கத்தின் கையில் இருந்தது. அதிகாரிகள் எழுதி அனுப்பியதுதான் மேலிடத்துக்கு நடந்த கதை. மாற்றிச் சொல்ல 'சுதேசமித்திரன்', 'இந்தியா' போன்ற சில பத்திரிகைகள் இருந்தன. அதே ஆண்டில் சுதேசமித்திரன் ஜி.சுப்பிரமணிய ஐயர் கைதானார். 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசனும் கைதானார். பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். சில பேரைப் பிடித்தால் செய்தியையே பிடித்துவிடலாம். அதுதான் அந்தக் காலத்துக் கணக்கு.

இரண்டாவது 2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாளையும் சேர்த்து 13 பேர் பலி. நான் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். சீருடையும் ரம்ஜான் துணியும் தைக்கிற சீசன். அன்று சாயங்காலம் பெரியப்பாவின் தையல் யூனிட்டில் மிஷின்கள் நின்றுவிட்டன. ஒரே ஒரு போனைச் சுற்றி பத்துப் பேர். வேன் மேல் நின்று துப்பாக்கியால் குறி பார்க்கிற சாதாரண உடைக் காவலரின் காட்சி அதில் ஓடியது. யாரும் பேசவில்லை. காஜா எடுக்கிற அக்கா மட்டும் அழுதார்.

1908-ல் இது முடியுமா? எந்த அதிகாரியின் அறிக்கைக்கும் காத்திருக்காமல் ஊரே சாட்சி ஆகிவிட்டது.

ஆனால் மே 23-ல் என்ன நடந்தது? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. பெரியப்பா போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். மாடல் படம், அளவு, ஆர்டர் எல்லாம் வாட்ஸப்பில்தான் வரும்!

இதில் ஒரு வேடிக்கை. அப்போது இணையத்தை நிறுத்த இருந்த விதிகள் 2017-ல் வந்தவை. அவை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தன தெரியுமா? 1885-ம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். வ.உ.சி. கைதானபோது இருந்த அதே சட்டம்! தந்தி சேவையை 2013-லேயே மூடிவிட்டோம், சட்டம் மட்டும் உயிரோடு இருந்தது. இப்போது 2023-ம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் 2024-ல் வந்த புதிய விதிகளும் இருக்கின்றன. நிறுத்தும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. குழாயில் வரும் தண்ணீர் நம்முடையது, வால்வு அவர்களுடையது.

இன்னொரு உதாரணம், 2020 சாத்தான்குளம். ஊரடங்கு நேரம், தெருவில் இறங்க வழியில்லை. தந்தையும் மகனும் இறந்த செய்தி போன் வழியாகத்தான் நாடு முழுக்கப் போனது. ஆனால் பரவியதால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் காவல் நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். சி.பி.ஐ. விசாரித்தது.

என் கணக்கு இதுதான். பார்க்கிற அதிகாரமும் சொல்கிற அதிகாரமும் நம் கைக்கு வந்துவிட்டன. தீர்மானிக்கிற அதிகாரம் இன்னும் வரவில்லை. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-ல்தான் அறிக்கை கொடுத்தது. வீடியோ வர சில மணி நேரம், அறிக்கை வர நான்கு ஆண்டு!

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்கில், காலவரையின்றி இணையத்தை முடக்கக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று சொன்னது. அந்த வரிதான் வால்வு மேல் நமக்கு இருக்கிற கொஞ்சப் பிடி. போனைப் பத்திரமாக வைத்திருக்கிற நாம் அதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என்ன நண்பர்களே, சரிதானே?