பாடும் பதமும்: உழவுக் குடும்பத்துக் கைத்திறன் தலைமுறை கடப்பது குறித்து

கொல்லிமலையில் சாமை அருகிப்போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை வயலைச் சேர்ந்தவை. நாமக்கல், சேலம் பகுதிச் சேகோ ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. சாமையும் தினையும் நின்ற சரிவுகளை மரவள்ளி பிடித்துக்கொண்டது. நியாயவிலைக் கடை அரிசியும் மலையேறி வந்தது. இவை எல்லாம் உண்மை. ஆனால் 1990களிலிருந்து அம்மலையில் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கவனித்த இன்னொரு காரணம் வீட்டு முற்றத்தில் இருந்தது. அது உரல். சாமையைக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் தோள் கழன்றது. குத்த ஆள் இல்லாத வீட்டில் சாமை வேகவில்லை. வேகாத சாமையை விதைப்பானேன் என்று நிலமும் கைமாறியது.

உழவுக் குடும்பங்களின் மனைத்தொழில் அறிவு மறைவது பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. அம்மியையும் உரலையும் கைவிட்டதால்தான் இத்தனை கேடும் என்று இளைய தலைமுறையைக் குறை சொல்வது ஒன்று. பெண்களின் முதுகை ஒடித்த வேலை ஒழிந்தது நல்லதே என்று அத்தோடு கணக்கை முடித்துவிடுவது மற்றொன்று. ஒவ்வொரு வேலைக்குள்ளும் பாடு இருக்கிறது, பதமும் இருக்கிறது. இரு தரப்பும் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பாடு என்பது உடம்பு படுவது: உலக்கையின் கனம், புகை, இடுப்புவலி, விடியலுக்கு முன்னே எழுந்தாக வேண்டிய கட்டாயம். பதம் என்பது கை அறிந்த அளவு: எவ்வளவு காய்ந்தால் போதும், எப்போது இறக்க வேண்டும், எந்த நெல்லுக்கு எத்தனை நாழிகை ஊறல். பாடு போகலாம், போகவும் வேண்டும். பதம் போனால் அதைத் தொடர்ந்து பயிரும் போய்விடும் என்பதே என் வாதம்.

தானியத்தின் உடற்கூறே இதற்கு முதற்சான்று. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் உமி மணியோடு இறுகி ஒட்டுவதில்லை. கதிரடிக்கும்போதே பெரும்பாலும் பிரிந்துவிடும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை அப்படியல்ல. மணியை உமி இறுகப் பற்றியிருக்கும்; வரகில் அந்தப் பிடி இன்னும் கடுமை. தெருமுனை மாவு ஆலை வந்தபோது கேழ்வரகு அதன் வழியே அடுப்பங்கரைக்குள் நிலைத்துவிட்டது. சாமைக்கும் வரகுக்கும் அந்த ஆலையால் பயனில்லை. எல்லாச் சிறுதானியங்களையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசும் வழக்கத்தால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எழுந்த முழக்கங்களிலும் சத்துப் பட்டியல் இருந்த அளவுக்கு உமி இருந்ததாக நினைவில்லை.

சாமையின் தவிடு நீங்காத அரிசியை நெடுநாள் வைத்திருக்க முடியாது. தவிட்டின் எண்ணெய் காறிவிடும். அதனால்தான் வீடுகளில் தானியத்தை உமியோடு குதிரிலும் அடுக்குப் பானையிலும் வைத்து, சில நாளுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது குத்தினார்கள். நகரத்துக் கடையின் சாமையரிசி வெளுப்பாக இருக்கிறதென்றால், கடையில் நெடுநாள் கெடாமல் இருக்கத் தவிடு தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எதைக் கருதி அந்தத் தானியத்தைப் புகழ்கிறோமோ அதில் ஒரு பங்கு ஆலையிலேயே தங்கிவிடுகிறது. அன்றன்று குத்திக்கொள்ளும் வீடோ, அருகிலேயே சிறு உமிநீக்கும் எந்திரமோ இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

இனி பதத்துக்கு வருவோம். முறத்தில் செய்யும் வேலைக்குத் தமிழில் எத்தனை வினைகள்! உமி பறக்க மேலெழுப்பித் தட்டுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பெரியதையும் சிறியதையும் ஒதுக்குவது கொழித்தல். கல்லும் மணியும் பிரியும்படி மெல்ல அலைத்து எடுப்பது நாவுதல். நொய்யை வாங்கிக்கொள்வது தெள்ளுதல். வட்டாரத்துக்கு வட்டாரம் இவற்றின் பொருள் சற்று மாறும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டின் அசைவு வேறு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இச்சொற்களைத் தேடி எடுத்துவிடலாம். மணிக்கட்டை எடுக்க முடியாது. உலக்கைப் பாட்டான வள்ளைப்பாட்டுக்குச் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதை இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பாட்டு ஓடிய வேலையின் நுணுக்கத்தை அதைக் கொண்டு யாரும் கற்றுக்கொள்ள இயலாது. ஆவணப்படுத்தினால் போதும் என்போருக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான். ஆவணம் வேண்டும், அது கற்றலுக்குப் பதிலாகாது.

நெல் அவித்தலைப் பாருங்கள். ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, அண்டாவில் ஏற்றி, மணி வாய் பிளக்கும் தறுவாயில் இறக்கி, களத்தில் பரப்பிக் காய்ச்சல் பார்க்க வேண்டும். ஒரு மணியை எடுத்துக் கடித்தால் பல்லுக்குத் தெரியும். ஈரமிருந்தால் நசுங்கும், அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் குத்தும்போது நொய்யாகும். இந்த எளிய வேலை கடலுக்கு அப்பால் உயிர் காத்த வரலாறு உண்டு. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி நோய் பரவியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிது. 1907இல் இதைப் பற்றி நூல் எழுதிய பிராடன் என்னும் மருத்துவர், கெட்ட அரிசியில் ஏறும் நஞ்சே காரணம் என்று பிழையாகக் கருதினாலும், வேறுபாட்டைச் சரியாகக் கண்டிருந்தார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905, 1906 ஆண்டுகளில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் மறு பகுதியினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற்பகுதியினரிடம்தான் நோய் மிகுந்தது. அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெளிவான செய்தி.

நம் முன்னோர் வைட்டமினை அறிந்தே நெல்லை அவித்தார்கள் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. குத்தும்போது அரிசி உடையாதிருக்கவும், இருப்பில் கெடாதிருக்கவுமே அவித்தார்கள். தெரியாமலே ஒரு நன்மை அதனுள் அடங்கியிருந்தது. நாம் கவனத்தோடு நடக்க இதுவே போதிய காரணம்: ஒரு பழக்கத்தின் பயன் முழுவதும் அதைச் செய்வோருக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டிக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக அவர் செய்வது வீண் என்று தள்ளுவதும், அவர் செய்ததெல்லாம் அறிவியல் என்று கும்பிடுவதும் ஆய்வாகா.

பதம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் மாண்டன. அவை மேய்ந்த வரகுப் பயிரில் பூஞ்சையோடு தொடர்புடைய சைக்ளோபியசோனிக் அமிலம் இருந்ததாக ஆய்வில் தெரியவந்தது. ஈரத்தில் நனைந்த வரகு நஞ்சாகலாம் என்பது அதைப் பயிரிட்ட மக்களுக்குப் புதிதல்ல. எந்த வரகை உண்ணலாம், எதை ஒதுக்க வேண்டும், அறுத்த கதிரை எப்படிக் காயவைக்க வேண்டும் என்பது அவர்களின் அன்றாட அறிவு. அந்த அறிவை விட்டுவிட்டு வரகை மட்டும் நகரத்துக்கு அழைத்து வருவது ஆபத்து.

உரலைக் காப்பதற்காக நடந்த பெரிய முயற்சி நம் மண்ணைச் சேர்ந்தவருடையது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழிற்சங்கத்தின் செயலாளராக இருந்து கைக்குத்தல் அரிசிக்காக விடாது வாதாடினார். சத்துக் காரணமும், ஏழைப் பெண்களுக்கு அது கூலி என்ற காரணமும் அவரிடம் இருந்தன. விடுதலைக்குப் பின் 1958இல் அரிசி ஆலைகளை நெறிப்படுத்தச் சட்டமே வந்தது. ஆயினும் ஆலை வென்றது. குமரப்பாவிடம் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. அவரது பொருளாதாரம் இன்றைக்கும் பாடமாகத் தக்கது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் தரப்பு தோற்றதற்குக் காரணம் ஆலை முதலாளிகளின் வலிமை மட்டும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. குத்தியவள் தன் மகள் குத்துவதை விரும்பவில்லை. பிறர் நெல்லைக் கூலிக்குக் குத்திய நிலமற்ற வீட்டுப் பெண்களுக்கு உலக்கை ஒருநாளும் பண்பாடாகத் தோன்றியிருக்காது. மரபைப் பேசுகிற நாம் அவர்களின் மறுப்பைத் தீர்ப்பாகவே மதிக்க வேண்டும்.

குமரப்பா காலத்தில் தீராத இந்த முடிச்சு கொல்லிமலையில் ஓரளவு அவிழ்ந்தது. சுவாமிநாதன் நிறுவனம் சிறுதானிய உமிநீக்கும் எந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்து, சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. உலக்கையின் கனத்தை எந்திரம் வாங்கிக்கொண்டது. ஆனால் காய்ச்சல் போதாத சாமையை எந்தப் பொறியும் ஒழுங்காக உரிக்காது; மண்ணும் கல்லும் கலந்ததைப் போட்டால் பொறியே கெடும். காயவைப்பதும், கொழிப்பதும், எந்தச் சாமைக்கு எத்தனை ஓட்டம் என்று முடிவு செய்வதும் ஊராரிடமே நின்றன. மரவள்ளியை அது விரட்டிவிடவில்லை. சந்தை அவ்வளவு எளிதில் வளையாது. எனினும் பாடு நீங்கிய பின்பும் பதம் வாழ முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நெல்லில் இதே முடிச்சு இன்னும் இறுகியே இருக்கிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்கள் மரபு நெல்லை ஊரெங்கும் பரப்பின. 2 கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்ற அவரது முறை, விதையை வங்கியில் பூட்டாமல் கைகளில் ஓடவிட்டது. 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவையோ கருப்புக் கவுனியையோ வாங்கிச் செல்லும் வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். பொன்னி அரிசியைப் போலக் கழுவிக் குக்கரில் வைக்கிறார்கள். வேகவில்லை, மெல்ல முடியவில்லை என்று அடுத்த மாதம் விட்டுவிடுகிறார்கள். இரவே ஊறவைப்பதும், கவுனியை இனிப்பாகச் செய்யும் செட்டிநாட்டு வழக்கமும், கஞ்சிக்கு ஏற்றது எது, அவலுக்கு ஏற்றது எது என்ற பகுப்பும் விதையோடு கூடப் போகவில்லை. விளைவித்தவரின் துன்பம் இன்னொரு வகை. இரண்டு மூட்டை மரபு நெல்லை அவித்து அரைத்துத் தரப் பெரிய ஆலைகள் முன்வருவதில்லை. அவற்றுக்கு ஒரே ரகத்தில் பெருந்திரள் வேண்டும். ஆக, பல ரகம் வாழ வேண்டுமென்றால் சிறு அளவில் அவிக்கவும் உலர்த்தவும் தெரிந்த கைகள் ஊரில் இருக்க வேண்டும்.

பதம் என்ற சொல்லே இதைச் சொல்கிறது. உழுவதற்கு ஏற்ற ஈரத்தில் நிலம் பதமாக இருக்கிறது என்கிறோம். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்தது என்கிறோம். சோற்றுக்கும் பதம், கொல்லன் இரும்புக்கும் பதம். வயலையும் அடுப்பையும் மொழி ஒரே அறிவாகக் கண்டது. நமது கல்விதான் வேளாண்மைக்கு ஒரு பட்டம், மனையியலுக்கு இன்னொரு பட்டம் என்று அதைப் பிளந்தது. முன்னதில் ரகம் படிப்பவர் சமைப்பதில்லை, பின்னதில் சமைப்பவர் ரகம் அறிவதில்லை. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கும் பெண் இந்த இரண்டில் எந்தத் துறையைச் சேர்ந்தவர்? அந்த மண்பூச்சு வண்டை விலக்குகிறது, பின்னர் பருப்பு உடைக்கவும் உதவுகிறது. விதைக் கோட்டை கட்டி மண்ணும் சாணமும் மெழுகுபவருக்கும் அதே கேள்வி பொருந்தும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இந்த அறிவு பெண்வழியே வந்தது என்பது வரலாறு. இனியும் பெண்வழியே மட்டும் போகவேண்டும் என்பது அநீதி. மகளை முறத்தின் அருகே உட்காரவைத்த வீடு மகனை உட்காரவைக்கவில்லை. அதனால் மகள் படித்து வேலைக்குப் போனதும் கற்பதற்கு ஆளே இல்லாமற் போனது. பாதிப் பிள்ளைகளை முன்கூட்டியே விலக்கி வைத்த மரபு தளர்ந்ததற்குப் படித்த பெண்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

விதைத் திருவிழா நடத்துவோருக்கும் வேளாண் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுப்போருக்கும் என் வேண்டுகோள் இது. விதை கொடுக்கும் பந்தலுக்குப் பக்கத்தில் ஓர் அண்டா, சில முறங்கள், ஒரு சிறு உமிநீக்கும் எந்திரம், ஓர் அடுப்பு ஆகியவற்றை வையுங்கள். இவற்றைக் கையாளத் தெரிந்த மூத்த பெண்களை, பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் கொடுத்து ஆசிரியர்களாக அழையுங்கள். அவர்கள் முன்னால் பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, ஒவ்வொருவர் கையிலும் காய்ந்த நெல்மணி ஒன்றைக் கொடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.