நத்தமும் மிராசும்: திருவள்ளூர் வட்டாரத்தில் மனையுரிமை மறுப்பின் வரலாறு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையையும் அதைச் சூழ்ந்தெழுந்த மனைப்பிரிவுகளையும் கொண்ட திருவள்ளூர் மாவட்டம், 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகும். இவ்வட்டாரத்தில் சொந்த வீடு யாருக்கு வாய்த்தது என்பதை ஆராய்வோர், தொழிற்சாலைகளின் வருகையிலிருந்து தொடங்குவது பொருந்தாது. மிராசு முறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மிராசுதாரர் உரிமை விளைநிலத்தோடு நிற்கவில்லை. சேரி அமைந்த நத்தத்தையும் அவர்கள் தமதென வாதிட்டனர். மண்சுவரும் ஓலைக்கூரையும் பண்ணையாளின் உழைப்பில் எழுந்தவை; அடிமண் மட்டும் அவருக்குரியதன்று. கூலியை உயர்த்திக் கேட்டாலோ, வேறொருவர் நிலத்தில் உழச் சென்றாலோ குடிசையிலிருந்து வெளியேற்றப்படலாம் என்னும் அச்சமே அவரை ஊரோடு பிணித்தது. அமெரிக்காவில் 1947இல் உருவான லெவிட்டவுன் புறநகரில் கறுப்பினத்தவரை விலக்கும் விதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. செங்கல்பட்டில் அவ்வாறு எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

இந்நிலையை மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் சமயப்பணியாளர் வில்லியம் கௌடியும் (அவர் பெயரிலான பள்ளி அந்நகரில் இன்றும் உள்ளது) பறையர் நிலையை அரசின் கவனத்துக்குக் கொணர்ந்தோருள் ஒருவர். 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010ஆம் எண் அரசாணையின் வழித் தரிசு நிலங்கள் பஞ்சமருக்கு ஒதுக்கப்பட்டன. எனினும் சேரி மனையின் சிக்கல் பெரும்பாலும் தீராது நின்றது. மிராசுதாரரின் பிடி சேரி மனையில் இருந்ததால், இக்குறை சிறிதன்று.

1920க்குப் பின் தொழிலாளர் துறை மனைகளைக் கையகப்படுத்தி வழங்கியது. விலையைப் பெறுவோரே தவணையில் செலுத்த வேண்டியிருந்தது. நிலமற்றோரிடம் நிலத்தின் விலையைக் கேட்ட இவ்வேற்பாடு எத்தகைய நீதி என்பது தனியே ஆராயத்தக்கது. புதிய குடியிருப்புகளும் பெரும்பாலும் ஊருக்குப் புறத்தேயே அமைந்தன. மனை கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

குடியிருப்பு மனைக்கு உரிமையளிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1971இல்தான் வந்தது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று பிறர் மனையில் குடியிருந்த வேளாண் தொழிலாளர் முதலியோரை அது உரிமையாளராக்கியது. தொழிற்பேட்டைகளை அமைக்கவிருந்த சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் கும்மிடிப்பூண்டி ஆலைகளை நாடி வந்து வாடகை அறைகளில் தங்கிய ஒப்பந்தத் தொழிலாளர், அச்சட்டத்தின் வரையறைக்குள்ளும் வரவில்லை. அதன் நாளுக்குள்ளும் வரவில்லை.