தமிழ்ச் செய்யுளில் அரபுப் பெயர்கள்

உவமை, உருவகம் எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுவர். மசலா எது என்றால் விழிப்பர். கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் ஆகியவற்றுடன் இதுவும் நம் முன்னோர் தமிழுக்கு ஈந்த இலக்கிய வகையாகும். மசலா என்பது வினா. யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியவற்றை, 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் 'ஆயிர மசலா' எனச் செய்யுளாக்கினார். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் இதுவே தொன்மையானது என்பர்.

உமறுப் புலவரோ சீறாப்புராணத்தைத் தமிழ்க் காப்பிய மரபிலேயே அமைத்தார். அரபு நாட்டு வருணனையிலும் மலையில் மழை பொழிந்து வெள்ளம் பெருகும். கல்வராயன் மலையடியில் வாழும் நமக்கு அக்காட்சி புதிதன்று! காண்டங்களுக்கு மட்டும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என அரபுப் பெயர்களையே சூட்டினார்.