மூடிய சாளரத்துக்கு வரும் பதில்: எஸ்.டபிள்யூ.டி.யும் பொருள்களின் ஆயுளும்

ரொறன்ரோவில் மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்கள் சிலராவது எஸ்.டபிள்யூ.டி. என்ற நிரல்தொகுதியைத் தொட்டிருப்பார்கள். ஜாவாவில் சாளரம், பொத்தான் முதலியவற்றை அமைப்பதற்கானது. இதை உருவாக்கியவர்கள் ஒட்டாவாவின் ஓ.டி.ஐ. நிறுவனத்தில் இருந்த ஸ்டீவ் நார்த்தோவரும் சகாக்களும். ஓ.டி.ஐ.யை 1996இல் ஐ.பி.எம். வாங்கியது. 2001 நவம்பரில் எக்லிப்ஸ் திறந்த மூலமாக வெளியானபோது எஸ்.டபிள்யூ.டி.யும் கூடவே வந்தது.

நிரலில் 'பொருள்' என்பது நினைவகத்தில் இடம்பிடித்து, தன் தரவையும் செயல்களையும் ஒன்றாக வைத்திருக்கும் ஓர் அலகு. (இலக்கிய வாசகர்கள் பொருளதிகாரத்தை நினைக்க வேண்டாம்.) ஜாவாவில் யாரும் சுட்டாத பொருளைக் குப்பை சேகரிப்பான் தானாகவே அகற்றிவிடும். ஆனால் எஸ்.டபிள்யூ.டி. சாளரத்துக்கு இரண்டு ஆயுள்: ஒன்று ஜாவாப் பொருளுடையது, மற்றது இயங்குதளம் தந்த உண்மையான சாளரத்துடையது. இரண்டாவதைக் குப்பை சேகரிப்பான் அறியாது. எனவே 'உருவாக்கியவரே அழிக்க வேண்டும்' என்பது இங்கே விதி. தாய்ச் சாளரத்தை அழித்தால் அதனுள் இருக்கும் பொத்தான்களும் அழியும். நாம் உருவாக்கிய எழுத்துருவும் படமும் அழியா. விண்டோசில் ஒரு நிரலுக்கு இத்தகைய வரைகலை வளங்கள் வழக்கமாக 10,000 தான். கசிவு தொடர்ந்தால் திரை பாதி வரைந்த நிலையில் நின்றுவிடும்.

சிக்கல் மீள் அழைப்பில்தான் முற்றுகிறது. பின்னணி இழை ஒன்று வலையிலிருந்து தரவு எடுக்கிறது. எடுத்ததும் 'அசிங்க்எக்ஸெக்' வழியாகச் சாளர இழையின் வரிசையில் ஒரு வேலையை இடுகிறது. அதற்குள் பயனர் சாளரத்தை மூடியிருப்பார். அந்த வேலை சாளரத்தைச் சுட்டிக்கொண்டிருப்பதால் ஜாவாப் பொருள் உயிரோடு இருக்கும், உண்மையான சாளரமோ போயிருக்கும். தொட்டால் 'சாளரம் அழிக்கப்பட்டுவிட்டது' என்ற பிழை எழும். சி++ஆக இருந்தால் விடுவிக்கப்பட்ட நினைவகத்தையே தொட்டிருப்போம். சில நாள் ஒன்றும் ஆகாது, ஒரு நாள் பயனர் சேமிக்காத வேலையோடு எல்லாம் விழும். உரக்கக் கத்தும் ஜாவாவே எனக்கு மேலாகப் படுகிறது.

'இஸ்டிஸ்போஸ்ட்' சோதனையை வேலையை வரிசையில் இடுவதற்கு முன் எழுதிய நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பயனற்றது, இடுவதற்கும் ஓடுவதற்கும் நடுவில் சாளரம் மூடப்படலாம். சோதனை மீள் அழைப்பின் உள்ளே, முதல் வரியில் இருக்க வேண்டும். சாளரத்தை அழிக்கும் வேலையும் அதே சாளர இழையில்தான் நடக்கும் என்பதால், சோதனைக்கும் அடுத்த வரிக்கும் இடையில் வேறு இழை எதுவும் புகுந்து அதை அழிக்க முடியாது.

இதற்கு எதிர்ப்பக்க நோயும் உண்டு. நிரல் முழுவதும் வாழும் ஒரு தரவுப் பொருளிடம் சாளரம் தன்னைக் கேட்போனாகப் பதிந்துவிட்டு, மூடும்போது விலகாவிட்டால், அந்தச் சாளரத்தின் ஜாவாப் பொருள் கடைசிவரை நினைவகத்தை விட்டு நகராது. அழிவு நிகழ்வுக்கென எஸ்.டபிள்யூ.டி. ஒரு கேட்போனைத் தருகிறது. பதிவை நீக்கும் வரியை அங்கே எழுதிவிடலாம்.