பரங்கி நோய் முதல் மூக்குக்கண்ணாடி வரை: வன்னியில் வைத்தியம் செய்ய யாருக்கு அனுமதி?

நோயாளி ஓரிடத்தில் இருக்கிறார். வைத்தியம் செய்ய அனுமதி பெற்றவர் வேறோரிடத்தில் இருக்கிறார். வன்னிப் பெருநிலப்பரப்பின் கடந்த ஒன்றரை நூற்றாண்டு வைத்திய வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால் இந்த இரண்டு வசனங்களே மிஞ்சும்.

மூக்குக்கண்ணாடிக் கடைகளில் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்போருக்கு இன்னும் கூடுதலான அதிகாரம் வழங்கலாமா என்ற விவாதம் உலகின் பல நாடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கண் வைத்திய நிபுணர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இடையிலான தொழிற்சங்கத் தகராறு போலத் தோன்றும். ஆனால் முழுமையான பயிற்சி பெற்றவர் வந்து சேரும்வரை, அரைவாசிப் பயிற்சி பெற்றவரை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற கேள்வியே இதன் அடியில் இருக்கிறது. இந்தக் கேள்வி வன்னிக்குப் புதியதல்ல. இலங்கையின் முதலாவது அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியதற்கே வன்னியின் துயரம் ஒரு காரணம் என்பதை இன்றைய இளந்தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவார்கள்?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னியின் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகிக்கொண்டிருந்தன. குளங்கள் உடைந்து கிடந்தன. காய்ச்சலும் பசியும் ஒருபுறம் வாட்ட, மறுபுறம் பரங்கி எனப்பட்ட நோய் மக்களை உருக்குலைத்தது. போர்த்துக்கேயரோடு வந்த நோய் என்று மக்கள் நம்பியதால் அதற்கு அப்பெயர் வழங்கியது. தோலோடு தோல் உரசுவதால் தொற்றும் இந்நோய் பெரும்பாலும் சிறுவயதிலேயே பற்றிக்கொள்ளும். முதலில் புண்ணாகத் தோன்றி, பின்னர் எலும்பையும் மூட்டையும் தின்று ஆளை முடமாக்கிவிடும். உழைக்கும் வயதில் உள்ளவன் முடமானால் வயல் தரிசாகும். வயல் தரிசானால் குளத்தைப் பேண ஆள் இராது. குளம் தூர்ந்தால் குடிநீர் கெடும், ஊர் கலையும். நோயும் வறுமையும் ஒன்றையொன்று வளர்த்த விதம் இதுதான்.

சேர் ஹர்குலிஸ் றொபின்சன் ஆளுநராக இருந்த காலத்தில், 1860களின் பிற்பகுதியில், வட மாகாணத்தின் குடியேற்ற நாட்டு வைத்தியராகப் பணியாற்றிய டொக்டர் ஜேம்ஸ் லூஸ், வன்னியில் மக்கள்தொகை அருகிவருவதற்கான காரணங்களை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். லூஸ் பறங்கிய சமூகத்தைச் சேர்ந்தவர். பரங்கி நோயை ஆராயப் பறங்கியர் ஒருவரே வந்தமை வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. கொழும்பில் வைத்தியப் பாடசாலை ஒன்றை நிறுவுவதற்குத் தூண்டுகோலாக அமைந்தவற்றுள் அவரது அறிக்கை முதன்மையானதாகக் கருதப்படுகிறது. 1870ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் திகதி அப்பாடசாலை திறக்கப்பட்டது. அதன் முதலாவது அதிபர் அதே ஜேம்ஸ் லூஸ்.

அங்கு தொடக்கத்தில் நடத்தப்பட்டது மூன்றாண்டுப் பாடநெறி. இங்கிலாந்திலிருந்து முழுத் தகுதி பெற்ற வைத்தியர்களை வரவழைத்து ஒவ்வொரு காட்டுக் கிராமத்திற்கும் அனுப்புவது நடவாத காரியம் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்திருந்தார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு வேண்டிய அளவு கற்பித்து, குறிப்பிட்ட எல்லைக்குள் வைத்தியம் செய்ய அனுமதிப்பதே வழி என்று கண்டார்கள்.

இதே முடிவுக்கு அவர்களுக்கு முன்னரே வந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயில் தமது வைத்தியப் பணியையும் போதனையையும் தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோரை அவர் வைத்தியராக்கினார். அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியத்தைக் கற்றவர்கள். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் தமிழில் பாடநூல்களை அவர் உருவாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் தம் ஊர்களில் தங்கி மக்களுக்குப் பயன்படுவார்கள் என்பது கிறீனின் கணிப்பு. யாருக்கு எதைக் கற்பிக்கிறோம் என்பதைப் போலவே, கற்றபின் அவர் எங்கே தங்குவார் என்பதும் முக்கியம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொழும்பு வைத்தியப் பாடசாலை 1880இல் கல்லூரியாகத் தரமுயர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதன் பட்டம் பிரித்தானிய மருத்துவச் சபையின் அங்கீகாரத்தையும் பெற்றுவிட்டது. பெருமைக்குரிய வளர்ச்சிதான். ஆனால் பட்டத்தின் மதிப்பு உயர உயர, பட்டம் பெற்றவர் வன்னிக்கு வரும் வாய்ப்புக் குறைந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களே அப்போதிக்கரிமார். மருந்து கலக்கவும், சாதாரண நோய்களைப் பார்க்கவும், காயங்களுக்குக் கட்டுப்போடவும் பயிற்றப்பட்ட இவர்கள், தூரத்துக் கிராமங்களில் முழு வைத்தியரின் வேலையையே செய்தார்கள். பிற்காலத்தில் உதவி வைத்தியர் என்றும் பதிவு பெற்ற வைத்தியர் என்றும் பெயர் மாறினாலும், ஊர்ச்சனங்களின் வாயில் அவர்கள் அப்போதிக்கரி ஐயாவாகவே இருந்தார்கள். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடுகளில் உதவி வைத்தியர்களுக்கெனத் தனியான பதிவேடு இருக்கிறது. சட்டம் அவர்களுடைய எல்லையைக் குறித்தது. அந்த எல்லைக்குள் அவர்களை ஏற்றும் கொண்டது.

பரங்கி நோய்க்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆசனிக் கலந்த ஊசி மருந்தும், பின்னர் வந்த பெனிசிலினும் அதை அடக்கின. ஒரே ஒரு பெனிசிலின் ஊசி போதும். கொடிய நோய் ஒன்றுக்கு எளிய மருந்து கிடைத்துவிட்டால், அதைக் கொடுப்பதற்குப் பேராசிரியர் வரவேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தாதியோ அப்போதிக்கரியோ போதும்.

இனி கண்ணுக்கு வருவோம்.

நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் கிட்டப் பார்வை மங்கும். இது நோயல்ல, முதுமையின் இயல்பு. தைப்பவள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவிப்பதும், அரிசியில் கல் பொறுக்க முடியாமற் போவதும், காணி உறுதியைப் பிறர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி நம்பியிருப்பதும் இதனால்தான். தீர்வு ஒரு சோடிக் கண்ணாடி வில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய உலக அறிக்கை, குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டென்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுக்கப்பட்டிருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் கூறியது. அதில் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ 82 கோடியே 60 இலட்சம் பேர், கிட்டப் பார்வைக்கான கண்ணாடி இல்லாதவர்கள்.

இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல, வயிற்றுப் பிரச்சினை. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில், கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். பங்களாதேசக் கிராமங்களில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பங்களாதேசத்தில் இத்தகைய கண்ணாடிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் சில நாட் பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள். கண் வைத்திய நிபுணர்கள் அல்லர்.

கண்ணாடிக்காரருக்கும் வைத்தியருக்கும் இடையிலான எல்லைத் தகராறு நூற்றாண்டைக் கடந்தது. 1890களில் நியூயோர்க்கில் சார்ல்ஸ் பிரென்டிஸ் என்ற கண்ணாடிக்காரர், கண்ணைச் சோதித்ததற்கு 3 டொலர் கட்டணம் வாங்கினார் என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. கண்ணாடியை விற்கலாம், ஆனால் சோதனைக்குக் கட்டணம் வாங்க நீ வைத்தியனா என்று கண் வைத்தியர்கள் கேட்டார்கள். 1901இல் மினசோட்டா மாநிலம் பார்வை அளப்பதைத் தனித்தொழிலாக அங்கீகரித்து முதலாவது சட்டத்தை இயற்றியது. 1971இல் றோட் ஐலண்ட், சோதனைக்காகக் கண்ணில் மருந்து விட அனுமதித்தது. 1976இல் மேற்கு வேர்ஜினியா, சிகிச்சைக்கான மருந்து எழுதவும் அனுமதித்தது. 1998இல் ஒக்லஹோமா லேசர் சிகிச்சைக்கும் கதவைத் திறந்தது. பிரித்தானியா 1958இல் இத்தொழிலை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்து, அரை நூற்றாண்டு கழித்து 2008இல், மேலதிகப் பயிற்சி பெற்றவர்கள் தாமாகவே மருந்து எழுதலாம் என்றது. ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பு இருந்தது. ஒவ்வொரு படியிலும் கூடுதல் பயிற்சி நிபந்தனையாக இருந்தது.

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1976இல் மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, கிராமத்துப் பெண்களைத் தெரிந்தெடுத்துக் கண் பராமரிப்பில் பயிற்றுவித்தார். பார்வையை அளப்பதும், கண்ணழுத்தம் பார்ப்பதும், நோயாளியை அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்வதும் அவர்களுடைய பணி. நிபுணர் தமது கத்தியைத் தொடவேண்டிய நேரத்தில் மட்டுமே தொட்டார். உலகம் வியக்கும் எண்ணிக்கையில் அங்கு கண்புரைச் சிகிச்சை நடப்பதற்கு இந்த வேலைப்பிரிவினையே அடிப்படை.

மறுபக்க நியாயத்தையும் மறைக்கக் கூடாது. கண்ணழுத்த நோய் சத்தமில்லாமல் வந்து பார்வையைத் தின்னும். பறிபோன பார்வை மீளாது. நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. கண்ணாடி விற்பதையே வருமானமாகக் கொண்டவர், இத்தகைய நோயாளிக்கும் ஒரு புதிய கண்ணாடியை விற்று அனுப்பிவிட்டால், அந்த மனிதர் நல்ல பார்வை கிடைத்ததென்ற நம்பிக்கையிலேயே குருடாவார். ஊசியால் புரையைக் கண்ணுக்குள் தள்ளிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போன நாடோடி வைத்தியர்களின் கதைகள் நம் பாட்டன்மார் காலத்தில் உண்டு. வைத்தியர்களின் அச்சம் முழுவதும் தொழிற்பொறாமை அல்ல.

எனினும் வன்னியின் கண்ணோட்டத்தில் இதை எடைபோட வேண்டும். 1990 முதல் 2002 வரை ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தது. 2006இல் மீண்டும் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் மேலதிகச் சிகிச்சைக்காக வன்னியை விட்டு வெளியேறுவதென்றால் அனுமதியும் காத்திருப்பும் சோதனைச் சாவடிகளும் குறுக்கே நின்றன. 1990களில் உதவி வைத்தியர்களுக்கான பயிற்சியும் நிறுத்தப்பட்டது. முன்னரே பயிற்சி பெற்றிருந்தவர்கள் யுத்தத்தின் நடுவிலும் கிராமிய ஆஸ்பத்திரிகளைத் தாங்கிப் பிடித்தார்கள். 2009இன் முதல் ஐந்து மாதங்களில் ஆஸ்பத்திரிகளே இடம்பெயர்ந்தன. புதுக்குடியிருப்பிலிருந்து புதுமாத்தளனுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் நோயாளிகளோடு நகர்ந்தன. வன்னியின் எல்லா ஆஸ்பத்திரிகளும் எறிகணைகளுக்கு இலக்காகின என 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவுசெய்தது. அந்த நாட்களில் ஊழியர்கள் தமக்குரிய எல்லையைப் பார்த்து வேலை செய்திருந்தால் இன்னும் எத்தனையோ உயிர்கள் போயிருக்கும். உயிர் பிழைத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த முதியவர்கள் வீடு, உறவு, உடைமை அனைத்தையும் இழந்தவர்கள். கண்ணாடியை இழந்ததை அந்தப் பட்டியலில் யார் எழுதுவார்கள்? ஆனால் காணாமற்போன பிள்ளையின் பெயரைப் பட்டியல்களில் தேடுவதற்கும், படிவத்தில் கையொப்பமிடும் முன் வாசித்துப் பார்ப்பதற்கும் அந்தக் கண்ணாடிதான் வேண்டியிருந்தது.

இன்று பாதைகள் திறந்திருக்கின்றன. எனினும் முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சந்திக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அங்கிருந்து வவுனியாவோ யாழ்ப்பாணமோ இன்னும் தொலைவு. கூலி வேலை செய்பவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதென்றால் ஒரு நாட் சம்பளம் போய்விடும், பேருந்துக் காசு வேறு. கண்ணாடிக்கடை பெரும்பாலும் அதைவிட அருகில் இருக்கும் பட்டினத்தில் உண்டு. அங்கே இருப்பவர் என்ன கற்றிருக்கிறார், எதைச் செய்யலாம், எதைக் கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றைச் சட்டம் தெளிவாக வரையறுத்து, அதற்கேற்ற பயிற்சியைத் தமிழிலும் வழங்கினால் என்ன கெட்டுவிடும்? யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978 முதல் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிறீன் மானிப்பாயில் தொடங்கியபோது இவற்றில் எதுவும் இருக்கவில்லை.

அதிகாரத்தை விரிக்கும்போது மூன்று விடயங்கள் பிரிக்க முடியாதவை: பயிற்சி, பதிவு, நோயாளியை மேலிடத்துக்கு அனுப்பும் கடமை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாடோடி வைத்தியனின் கதை திரும்பி வரும். மூன்றும் அமைந்தால், நிபுணரின் நேரம் நிபுணருக்குரிய நோயாளிக்கே செலவாகும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் வன்னியின் வெறுமையான கிராமங்களைக் கண்ட குடியேற்ற அரசு, வைத்தியத்தின் எல்லைகளை மாற்றி வரைந்தது. ஆங்கிலேயனுக்கு வன்னிச் சனத்தின்மீது அன்பு பெருகியதால் அல்ல, வரி கட்டவும் வயல் உழவும் ஆளில்லாமற் போனதால். காரணம் எதுவாயினும் காரியம் நடந்தது. நம்மவர்களின் வாக்கைப் பெற்று நம்மை ஆள்பவர்கள் அதைவிடச் சற்று நல்ல காரணத்துக்காக இதைச் செய்ய முடியும்.

ஊசியில் நூல் கோக்கத் தவிக்கும் கை இன்றும் விசுவமடுவிலும் துணுக்காயிலும் இருக்கிறது. அதற்குத் தேவையான வில்லை எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைச் சரியாக அளந்து கொடுக்க உரிமையும் பொறுப்பும் உள்ள ஒருவர், அந்தக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.