உருகியிலிருந்து விக்கல்வரை: மிகைமின்னோட்டக் காப்பின் சிறு வரலாறு

மின்பொறியியலில் ‘காப்பு’ என்ற சொல் நூறாண்டுகளுக்கும் மேலாக மாறாமல் நிற்கிறது. எதைக் காக்கிறோம் என்பதோ மாறிவிட்டது. தொழில்நுட்ப வரலாற்றைக் கருவிகளின் பட்டியலாக எழுதும்போது இம்மாற்றம் கண்ணில் படுவதில்லை.

எடிசன் தம் மின்விநியோக முறையின் ஓர் உறுப்பாக உருகிக்கு 1890இல் காப்புரிமை பெற்றார். ‘உருகி’ என்னும் தமிழ்ச்சொல் அதன் செயலையே பெயராக்கியது: தான் அழிந்து பிறவற்றைக் காப்பது. காக்கப்பட்டவை கம்பியும் கட்டடமும். கம்பி சூடேறித் தீப்பற்றச் சிறிது நேரமாகும். உருகிக்கு அந்த அவகாசம் போதும். 1924இல் ஜெர்மனியில் காப்புரிமை பெறப்பட்ட, ஹியூகோ ஸ்டோட்ஸ் உருவாக்கிய சிறு மின்முறிப்பான், மீண்டும் இயக்கத்தக்கதாயினும், காத்தது அதே கம்பியைத்தான்.

டிரான்சிஸ்டர் இந்தக் கணக்கைக் குலைத்தது. ஸ்விட்சிங் ரெகுலேட்டரில் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, தூண்டுசுருளின் வழியே ஆற்றலைத் தவணை தவணையாக அனுப்புகிறது. 10 மைக்ரோஹென்றி சுருளின் குறுக்கே 10 வோல்ட் நின்றால், மின்னோட்டம் ஒவ்வொரு மைக்ரோ நொடிக்கும் 1 ஆம்பியர் ஏறும். சுருளின் உள்ளகம் காந்தத் தெவிட்டலை அடைந்தால் இன்னும் செங்குத்தாக ஏறும். உருகி உருகுமுன் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். உருகியைக் காப்பதற்காக டிரான்சிஸ்டர் உயிர்விடுகிறது என்று பொறியாளர்கள் நகைப்பது இதனால்தான்.

1970களின் நடுவில் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தில் ராபர்ட் மம்மானோ வடிவமைத்த எஸ்ஜி1524, துடிப்பகலக் கட்டுப்பாட்டை ஒரே சில்லுக்குள் கொண்டுவந்தது. அதன் மின்னோட்ட வரம்பு 200 மில்லிவோல்ட் உணர்வழுத்தத்தில் விழித்துக்கொண்டாலும், பெருக்கியின் வழியே சற்று மெதுவாகவே துடிப்பைச் சுருக்கியது. 1980களில் யூனிட்ரோடின் யூசி1842 வேறு வழி கண்டது: ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டத்தை அளந்து, உணர்வழுத்தம் 1 வோல்ட்டை எட்டியதும் அத்துடிப்பை அங்கேயே வெட்டியது.

அதுவும் முழுத் தீர்வன்று. வெளியீட்டில் குறுக்குச்சுற்று நேரும்போது, சுருளின் மின்னோட்டத்தை இறக்கப் போதிய மின்னழுத்தம் எஞ்சுவதில்லை. வெட்டுவதற்கும் சிறிது நேரம் தேவை. ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறியது முழுதும் இறங்காமல், மின்னோட்டம் படிப்படியாக உயரும். நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்2576 அத்தகைய நிலையில் தன் 52 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஏறத்தாழ 11 கிலோஹெர்ட்ஸாகத் தாழ்த்தி, சுருளுக்கு இறங்க நேரம் தருகிறது. வேறு சில சில்லுகள் நின்று, காத்திருந்து, மீண்டும் முயல்கின்றன. அதற்கு விக்கல்முறை என்றே பெயர்.

உருகி அழிந்து காத்தது. முறிப்பான் விலகிக் காத்தது. வரம்பு அளந்து காக்கிறது. ஆனால் பின்னது முன்னதை நீக்கிவிடவில்லை. சில்லு தன் டிரான்சிஸ்டரைக் காக்கிறது. அந்த டிரான்சிஸ்டரே எரிந்து குறுக்குச்சுற்றாகிவிட்டால், அளப்பதற்குப் பொருளிருக்கும், வெட்டுவதற்குக் கையிருக்காது. அப்போது தீயைத் தடுப்பது 1890இன் உருகியே. புதியது பழையதை ஒழித்தது என்று எழுதும் வரலாறு இங்கே பிழையாகிறது; அதை நம்பி உருகியை நீக்கும் வடிவமைப்போ தீயாகிறது.